கிரிப்டோ லாபத்தில் வீட்டுக் கடனை அடைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாலட்டில் (கிரிப்டோ காயின்களை வைத்திருக்கும் டிஜிட்டல் பை) தெரிகிற லாபத்துக்கும் வீட்டுக் கடனின் அசலில் உண்மையாகவே குறைகிற தொகைக்கும் நடுவில் நான்கு பேர் நிற்கிறார்கள். காயினை விற்றுத் தரும் எக்ஸ்சேஞ்ச், வரித்துறை, பணம் வந்து இறங்கும் உங்கள் வங்கி, கடன் கொடுத்த நிறுவனம். நான்கு பேரிடமும் கணக்கு முடித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம்.

பலர் தடுக்கி விழும் இடம் வரிசை. விலை ஏறிய உற்சாகத்தில் விற்கிறார்கள், வந்த மொத்தத்தையும் அன்றே கடனில் கட்டிவிடுகிறார்கள், கடன் பாக்கி சட்டென்று குறைந்ததைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சில மாதம் கழித்து வரி கட்டும் தேதி வருகிறது. கட்டிய பணத்தைக் கடன் கொடுத்தவர் திருப்பித் தர மாட்டார். மீதி இருக்கும் காயினை விற்று வரி கட்டலாம் என்றால், அதற்குள் அதன் விலை சரிந்திருக்கிறது. வரி மட்டும் விற்ற நாளின் விலைக்குத்தான். 2017 இறுதியிலும் 2021 இறுதியிலும் விற்றவர்கள் பலர் அடுத்த ஆண்டு இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக் கடனில் கட்டுவது பெரும்பாலும் ஒருவழிப் பாதை. போன பணம் செங்கல்லுக்குள் போய்விடும். அதனால் அது கடைசியாகத்தான் புறப்பட வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

முதல் படி: காயினைத் தொடாதீர்கள், கடனைப் படியுங்கள்

கடன் ஒப்பந்தத்தையும் கடைசி ஸ்டேட்மென்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியவை: இன்றைய வட்டி விகிதம், அது நிலையான வட்டியா மாறும் வட்டியா, அசல் பாக்கி, மீதி மாதங்கள், முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா.

அபராதம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே கட்டும் கட்டணத்தை வங்கிகள் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே உத்தரவிட்டுவிட்டது. பிரிட்டனில் நிலையான வட்டிக் காலத்துக்குள் அதிகமாகக் கட்டினால் அபராதம் விழும், ஆனாலும் ஆண்டுக்குப் பாக்கியில் 10 சதவீதம் வரை கட்டப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. கனடாவில் விருப்பப்படி முன்கூட்டி அடைக்க முடியாத ‘மூடிய’ வகைக் கடன்களிலும் ஆண்டு வரம்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் மூன்று மாத வட்டியோ அதைவிடப் பெரிய தொகையோ அபராதமாகப் போகலாம். ஜெர்மனியில் நிலையான வட்டிக் கடனை நடுவில் அடைத்தால் வங்கி தான் இழக்கும் வட்டிக்கு ஈடு கேட்கும். உங்கள் ஒப்பந்தத்தில் ஆண்டு வரம்பு இருந்தால், விற்கும் திட்டத்தையே அதற்கேற்பப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சரி, முன்கூட்டியே கட்டுவதால் உண்மையில் என்ன ஆகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாணயம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

கடன் 30 லட்சம், வட்டி 9 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 26,992. முதல் மாதத் தவணையில் 22,500 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் குறைவது 4,492 மட்டும். மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி சுமார் 28.15 லட்சம் நிற்கும். முப்பத்தாறு தவணைக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான்.

இந்த இடத்தில் 5 லட்சம் மொத்தமாகக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். தவணையை மாற்றாமல் விட்டால் மீதி 204 மாதம் 138 மாதமாகிவிடும். ஐந்தரை ஆண்டு குறைகிறது, வட்டியில் மிச்சம் சுமார் 12.8 லட்சம். அதே 5 லட்சத்தைக் கட்டிவிட்டு, காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைக்கச் சொன்னால், தவணை சுமார் 22,198 ஆகும். மாதம் 4,794 கையில் மிஞ்சும், ஆனால் வட்டியில் மிச்சம் 4.8 லட்சம்தான்.

எது சரி என்பது உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. வேலை நிலையாக இருந்தால் காலத்தைக் குறையுங்கள். வருமானம் ஏறி இறங்கும் என்றால் தவணையைக் குறைத்துக்கொண்டு, முடிந்த மாதங்களில் கூடுதலாகக் கட்டுங்கள். பல நிறுவனங்கள் உங்களைக் கேட்காமலேயே ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும். எட்டாவது படியில் இதற்குத் திரும்பி வருவோம்.

இரண்டாம் படி: உண்மையான லாபம் எவ்வளவு?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள். கிரிப்டோவில் அளப்பதுதான் பாதி வேலை.

நீங்கள் கணக்கு வைத்திருந்த ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலிருந்தும் முழு வர்த்தக வரலாற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். மூடிப்போன எக்ஸ்சேஞ்ச், பயன்படுத்தாமல் விட்ட பழைய வாலட் எதுவும் விடுபடக் கூடாது. ஒவ்வொரு வாங்கலுக்கும் தேதி, அளவு, அன்றைய விலை, கட்டணம். ஒவ்வொரு விற்பனைக்கும் அதே போல.

இங்கே நிறையப் பேர் மறப்பது, ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்குவதும் பல நாடுகளில் விற்பனையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும் என்பதை. பிட்காயினை ஈத்தராக மாற்றினால், பிட்காயினை அன்றைய விலைக்கு விற்றதாகக் கணக்கு. அப்போது பணமே கைக்கு வரவில்லை என்ற வாதம் எடுபடாது. ஸ்டேக்கிங்கில் (காயினைப் பூட்டி வைத்ததற்கு வெகுமதியாக) வந்தது, இலவசமாக ஏர்டிராப்பில் வந்தது இரண்டுக்கும் தனி வரி முறை இருக்கலாம், அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஒரே காயினைப் பல விலைகளில் வாங்கியிருந்தால், விற்றது எதை என்ற கேள்வி வரும். முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்வது ஒரு முறை. எல்லாவற்றுக்கும் சராசரி விலை எடுப்பது இன்னொன்று, பிரிட்டனும் கனடாவும் அதைத்தான் பின்பற்றுகின்றன. அமெரிக்காவில் பதிவுகள் சரியாக இருந்தால் எந்தக் காயினை விற்கிறோம் என்று குறிப்பிட்டுச் சொல்லவே முடியும். முறை மாறினால் லாபத் தொகை மாறும், வரியும் மாறும். நடுவில் முறையை மாற்றாதீர்கள்.

மூன்றாம் படி: வரிக்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கிரிப்டோ வரி நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுகிறது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீதம், அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ், வருமானம் அதிகம் என்றால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்கிறார்கள். இது லாபத்தில் பிடிப்பது இல்லை, விற்ற மொத்தத் தொகையில் பிடிப்பது. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் கிரிப்டோ ஒரு சொத்தாகவே கருதப்படும் என்று அங்குள்ள வரித்துறை 2014லேயே அறிவித்தது. ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் வருமானத்தைப் பொறுத்து 0, 15 அல்லது 20 சதவீதம், அதற்குள் விற்றால் சம்பளத்துக்குப் போடுகிற விகிதம். கனடாவில் மூலதன லாபத்தில் பாதி வருமானத்தோடு சேரும். ஆஸ்திரேலியாவில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்தில் பாதிக்குத் தள்ளுபடி. ஜெர்மனியில் தனிநபர் ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரியே இல்லை. சிங்கப்பூரில் மூலதன லாப வரி என்ற ஒன்றே கிடையாது, ஆனால் அதையே தொழிலாகச் செய்கிறீர்கள் என்று கருதினால் வருமான வரி வரும்.

இதிலிருந்து தெரிவது: சில இடங்களில் ஒரு வாரம் பொறுத்து விற்பது ஒரு பெரிய தவணையையே மிச்சப்படுத்தும், இந்தியாவில் பத்து வருடம் பொறுத்தாலும் விகிதம் மாறாது. பிரிட்டன் மாதிரி ஆண்டுக்கு இவ்வளவு லாபத்துக்கு வரி இல்லை என்று விலக்கு தரும் நாடுகளில், வரி ஆண்டு முடிவதற்கு முன் ஒரு பகுதி, முடிந்த பின் ஒரு பகுதி என்று விற்றால் இரண்டு விலக்குகள் கிடைக்கும். ஒரே விகிதம் போடும் நாட்டில் இந்தச் சாமர்த்தியத்துக்கு வேலையில்லை.

நஷ்டத்தைப் பற்றியும் பார்க்க வேண்டும். பல நாடுகளில் ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்கலாம். இந்தியாவில் முடியாது, அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. இதன் வலியைப் பாருங்கள். ஒரு காயினில் 5 லட்சம் லாபம், இன்னொன்றில் 4 லட்சம் நஷ்டம். இரண்டையும் விற்ற பிறகு நிகர லாபம் 1 லட்சம். வரியோ 5 லட்சத்துக்கு 30 சதவீதம், அதாவது 1.5 லட்சம், செஸ் தனி. லாபம் பார்த்த ஆண்டில் கைக்காசு போட்டு வரி கட்ட வேண்டி வரும். மொத்தப் போர்ட்ஃபோலியோவின் பச்சை எண்ணை நம்பித் திட்டம் போடுகிறவர்களுக்கு இது முதலுக்கே மோசம்.

ஆகவே, விற்ற அன்றே வரித் தொகையைக் கணக்கிட்டு, கொஞ்சம் கூடுதலாகவே, தனியாக எடுத்து வையுங்கள். சாதாரணப் பணமாக வையுங்கள். காயினாக வைக்காதீர்கள், ஸ்டேபிள்காயினாகவும் (டாலர் போன்ற பணத்தோடு விலை கட்டப்பட்ட காயின்) வேண்டாம். டெர்ராவின் ஸ்டேபிள்காயின் 2022 மே மாதம் சில நாட்களில் சரிந்து மண்ணானது. ஒப்பீட்டளவில் நம்பகமான யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயின் கூட 2023 மார்ச்சில் அமெரிக்க வங்கி ஒன்று விழுந்தபோது ஒரு டாலரிலிருந்து 90 சென்ட்டுக்குக் கீழே இறங்கித்தான் மீண்டது. இந்தியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் வரியை ஆண்டு நடுவிலேயே தவணைகளாக முன்கூட்டிக் கட்ட வேண்டியிருக்கும், தவறினால் அதற்கு வட்டி. விற்ற கையோடு அந்தத் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அடைப்பதா, வைத்திருப்பதா?

9 சதவீதக் கடனை அடைப்பது 9 சதவீதம் உறுதியாகச் சம்பாதிப்பதற்குச் சமம். அந்த 9க்கு வரி கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது. அப்படி உத்தரவாதம் தரும் முதலீடு வெளியே கிடைப்பது அரிது.

அப்படியானால் காயின் எவ்வளவு ஏறினால் வைத்திருப்பது லாபம்? பலர் 9ஐ 70 சதவீதத்தால் வகுத்து, ‘30 சதவீத வரி போக 9 கிடைக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 13 சதவீதம் ஏற வேண்டும்’ என்பார்கள். அது முழுச் சரியில்லை. விற்காமல் இருக்கும்வரை வரியும் தள்ளிப் போகிறது, அந்த வரிப் பணமும் உங்களுக்காக உழைக்கிறது. 2 லட்சத்துக்கு வாங்கியது இன்று 8 லட்சம் என்று கொள்வோம். இன்று விற்றால் 6 லட்சம் லாபத்துக்கு வரி 1.8 லட்சம், கையில் 6.2 லட்சம். அதைக் கடனில் போட்டால் ஓர் ஆண்டில் அதன் மதிப்பு 6.76 லட்சம். ஓராண்டு வைத்திருந்து விற்று, வரி போக அதே 6.76 லட்சம் கிடைக்க, காயின் சுமார் 10 சதவீதம் ஏறினால் போதும்.

பத்து சதவீதமா, பிட்காயினுக்கு அது ஒரு வார வேலை என்று சிரிப்பீர்கள். உண்மைதான். இறங்குவதும் அதே வேகம்தான். 2017 டிசம்பரில் 20,000 டாலரைத் தொடப் போன பிட்காயின் ஓர் ஆண்டில் 3,200 அருகே வந்தது. 2021 நவம்பரில் 69,000 வரை போனது, அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே. ஒவ்வொரு முறையும் முக்கால் பங்குக்கு மேல் காணாமல் போனது. மற்ற பல காயின்கள் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

வட்டி குறைவாக இருந்தால் என் பதில் மாறும். அமெரிக்காவில் 30 ஆண்டு நிலையான வட்டிக் கடனின் சராசரி விகிதம் 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கியது. அப்படி ஒரு கடனை வைத்திருப்பவர் அவசரப்பட்டு அடைக்க வேண்டியதில்லை. காயினை விற்று, பாதுகாப்பான அரசுப் பத்திரத்தில் போட்டு, அந்த வருமானத்தில் தவணை கட்டுவது அவருக்கு நல்லது. கவனியுங்கள், அவருக்கும் விற்கச் சொல்கிறேன். காயினை விற்பது ஒரு முடிவு, கடனை அடைப்பது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எதையும் செய்யாமல் வருடங்கள் ஓடுகின்றன.

வட்டிக்கு வரிச் சலுகை கிடைக்கும் நாடுகளில், சலுகை போக உங்களுக்கு உண்மையில் விழும் வட்டி எவ்வளவு என்று பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விற்ற மறுமாதம் விலை இரண்டு மடங்கு ஆகலாம். விற்காமல் விட்டு நாலில் ஒன்றாகவும் ஆகலாம். எந்த வருத்தத்தோடு உங்களால் அந்த வீட்டில் குடியிருக்க முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் வருத்தத்தைத் தேர்ந்தெடுப்பவன்.

ஐந்தாம் படி: கடனுக்கு முன்னால் நிற்கும் செலவுகள்

கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் இருந்தால் முதலில் அவை. 9 சதவீதக் கடனைக் குறைத்துக்கொண்டு, அதைவிடப் பல மடங்கு வட்டி ஏறும் கார்டு பாக்கியை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான பணம், தவணையையும் சேர்த்து. வேலை போய்விட்டால், ‘போன வருடம் 5 லட்சம் கூடுதலாகக் கட்டினேனே’ என்று சொல்லித் தவணையிலிருந்து தப்ப முடியாது.

இந்த ஒருவழிப் பாதைக்கு ஒரு மாற்று உண்டு. சில நாடுகளில் வீட்டுக் கடனோடு ஒரு சேமிப்புக் கணக்கை இணைத்து, அதில் கிடக்கும் தொகைக்கு வட்டி போடாமல் விடுவார்கள். ஆஸ்திரேலியாவில் ஆஃப்செட் கணக்கு என்று பரவலாக உள்ளது, இந்தியாவிலும் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனாகச் சில வங்கிகள் தருகின்றன. பணம் உள்ளே இருக்கும்வரை வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். உங்களிடம் இந்த வகைக் கடன் இருந்தால் அவசர நிதியையும், ஏன் வரிக்கு ஒதுக்கிய பணத்தையும் கூட, கட்டும் தேதி வரை அங்கேயே போட்டு வைக்கலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆறாம் படி: விற்பது

எவ்வளவு விற்பது என்று தாளில் எழுதிய பிறகு எக்ஸ்சேஞ்சைத் திறங்கள். விலை இலக்கு வைப்பதைவிடக் கடன் இலக்கு வைப்பது மனதுக்குச் சுலபம். ‘பிட்காயின் இவ்வளவு போனால் விற்பேன்’ என்பவர் அந்த விலை வந்ததும் இன்னும் கொஞ்சம் என்பார். ‘வரி போக 5 லட்சம் வரும் அளவுக்கு விற்பேன்’ என்பவருக்கு வேலை முடிந்தது தெரிந்துவிடும். மனம் ஒப்பவில்லை என்றால் மூன்று பங்காக்கி, மூன்று தேதிகளை இப்போதே குறித்து, விலை என்னவாக இருந்தாலும் அந்தத் தேதியில் விற்றுவிடுங்கள்.

சொந்த வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முதலில் ஒரு சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். நெட்வொர்க் (காயின் பயணிக்கும் பிளாக்செயின்) இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எக்ஸ்ஆர்பி போன்ற காயின்களுக்கு முகவரியோடு, உங்கள் கணக்கை அடையாளம் காட்டும் டெஸ்டினேஷன் டேக் எண்ணும் வேண்டும். முகவரியைத் தட்டச்சு செய்யாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள், ஒட்டிய பிறகு தொடக்கத்தையும் முடிவையும் நடுவையும் சரிபாருங்கள். நகலெடுத்த முகவரியைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு.

வர்த்தகம் குறைவாக நடக்கும் காயின் என்றால் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு உடனே விற்பது) போடாதீர்கள். பெரிய தொகை ஒரே நேரத்தில் இறங்கும்போது விலை உங்கள் கண் முன்னாலேயே சறுக்கும். விலை குறிப்பிட்டு லிமிட் ஆர்டராகப் பிரித்துப் போடுங்கள்.

விற்றதும் பணத்தை எக்ஸ்சேஞ்சில் ஒரு நாள் கூட அதிகமாக விடாதீர்கள். 2014ல் முடங்கிய மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாடிக்கையாளர்களுக்குக் காயின்கள் திரும்பத் தொடங்கியது 2024 ஜூலையில். எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பர் 11 அன்று திவால் மனு போட்டது, அதற்குச் சில நாள் முன்பு வரை எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. 2024 ஜூலையில் வசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டபோது, பணம் எடுப்பதே நின்றுபோனது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போவது இந்த இடத்தில்தான். ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பையும், அடையாளச் சரிபார்ப்பு முழுமையாக முடிந்திருக்கிறதா என்பதையும் விற்பதற்கு முன்பே பாருங்கள்.

விற்காமலே அடைக்கலாம் என்ற யோசனை

காயினை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, அதை வைத்து வீட்டுக் கடனை அடைக்கலாம், காயினும் கையில் இருக்கும், வரியும் இல்லை என்று சொல்வார்கள். கேட்கும்போது இனிக்கும். நடப்பது என்ன? விலை சரிந்தால் கூடுதல் அடமானம் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் உங்கள் காயினை அவர்களே சரிந்த விலையில் விற்றுவிடுவார்கள். அந்த விற்பனைக்கு வரியும் உங்கள் தலையில்தான் வரும். அடமானம் வாங்கிய நிறுவனமே விழுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: இந்த வியாபாரத்தில் பெரிய பெயரான செல்சியஸ் 2022 ஜூனில் பணம் எடுப்பதை நிறுத்தியது, ஜூலையில் திவாலானது. மெதுவாக அடைபடும் ஒரு கடனை, எந்த இரவிலும் கழுத்தைப் பிடிக்கக்கூடிய கடனாக மாற்றிக்கொள்வது இது. வேண்டாம்.

ஏழாம் படி: வங்கிக்குள் பணம் வருவது

எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு நேராக வாங்குங்கள். இன்னொருவர் கணக்கு வழியாகச் சுற்றி வர வேண்டாம். முன்பின் தெரியாதவருக்கு நேரடியாக விற்கும் பி2பி முறையில் கொஞ்சம் நல்ல விலை கிடைக்கும்தான். ஆனால் உங்களுக்குப் பணம் அனுப்பியவர் மோசடிப் பணத்தை அனுப்பியிருந்தால், விசாரணையில் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. தவணை வெட்டும் கணக்கும் அதுவே என்றால் தவணையும் தவறும்.

பெரிய தொகை வந்ததும் இது எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கலாம். காயின் வாங்கப் பணம் அனுப்பிய பழைய ஸ்டேட்மென்ட், வாங்கிய விவரம், விற்ற விவரம், எக்ஸ்சேஞ்சின் ரசீது எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம்.

எட்டாம் படி: கடனில் கட்டுவது

இது ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். கடன் கணக்குக்கு ஒரு தொகையை ஆன்லைனில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஸ்டேட்மென்ட் பார்த்தால் அசல் குறையவே இல்லை. அனுப்பியது வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக உட்கார்ந்திருந்தது, வட்டி முழு அசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று கடிதம் எழுதித்தான் சரி செய்ய முடிந்தது.

ஆகவே முதலில் எழுத்தில் கேளுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: இந்தத் தொகை முழுவதும் அசலில் வரவு வைக்கப்பட வேண்டும், தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்க வேண்டும் (அல்லது நீங்கள் விரும்பினால் மாற்றி). அமெரிக்காவில் பெரிய தொகை கட்டிய பிறகு தவணையைக் குறைக்க வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பித்து, சிறு கட்டணம் கட்டிக் கணக்கை மறுபடி போடச் சொல்ல வேண்டும், தானாக நடக்காது. குறைந்தபட்சத் தொகை, எந்தத் தேதியில் கட்டினால் அந்த மாத வட்டியிலேயே குறையும் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

கட்டிய பின் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அசல் பாக்கி நீங்கள் கணக்குப் போட்ட எண்ணுக்குச் சில நூறு வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் என்றால் அந்த வாரமே கேளுங்கள்.

ஒன்பதாம் படி: அதற்கப்புறம்

வரிக் கணக்கில் விற்பனையைக் காட்டுங்கள், ஒதுக்கிய பணத்தைக் கட்டுங்கள். இந்தியாவில் வருமான வரிப் படிவத்தில் இதற்கென்று தனி அட்டவணையே உண்டு. எக்ஸ்சேஞ்சுகள் பல நாடுகளில் விவரங்களை நேராக வரித்துறைக்கு அனுப்புகின்றன. கூடுதலாக ஒதுக்கியதில் மிச்சம் இருந்தால் இப்போது அதையும் கடனில் போடலாம், இனி யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

வர்த்தகப் பதிவுகளைக் குறைந்தது உங்கள் நாட்டு வரிச் சட்டம் சொல்லும் காலம் வரை, இரண்டு இடங்களில் வைத்திருங்கள். எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் அதன் பதிவுகளும் சேர்ந்து போய்விடும்.

கடன் முழுவதும் தீர்ந்துவிட்டால் கடைசித் தவணையோடு எழுந்து வந்துவிடாதீர்கள். முடிக்கும் தேதி வரையான துல்லியத் தொகையை எழுத்தில் வாங்கிக் கட்டுங்கள், ஒரு நாள் வட்டி பாக்கி நின்றாலும் கணக்கு மூடாது. பாக்கி இல்லை என்ற சான்றை வாங்குங்கள். வங்கியில் வைத்த அசல் பத்திரங்கள் இருந்தால் பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக எண்ணி வாங்குங்கள். சொத்துப் பதிவேட்டில் கடன் கொடுத்தவரின் பெயரில் உள்ள அடமானப் பதிவை நீக்கச் சொல்லி, நீங்கியதா என்று ஒரு மாதம் கழித்து நீங்களே பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தானியங்கித் தவணை உத்தரவையும் மறக்காமல் ரத்து செய்யுங்கள், மூடிய கடனுக்கும் அடுத்த மாதம் பணம் வெட்டுவது நடக்கக்கூடியதுதான்.